தள்ளுபடி நாட்களில் தள்ள வேண்டியது எது?

வங்காளத்தில் ஆண்டின் கடைசி மாதம் சைத்ரம். நமது பங்குனியை ஒட்டி வருவது அது. அம்மாதம் பிறந்துவிட்டால் கொல்கத்தாவின் கரியாஹாட், ஹாத்திபாகான், நியூ மார்க்கெட் ஆகிய கடைவீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. கடை வாசல்களிலும் நடைபாதைகளிலும் சேலைகளும் சட்டைகளும் படுக்கை விரிப்புகளும் குவிந்து கிடக்கும். விற்பவர்கள் தொண்டை கட்டும்வரை விலையைக் கூவிக்கொண்டிருப்பார்கள். ‘சைத்ர சேல்’ எனப்படும் இந்தத் தள்ளுபடி விற்பனை அந்நகரத்தாருக்கு ஏறக்குறைய ஒரு திருவிழா.

இதன் காரணம் எளியது. சைத்ர மாதத்தில் வங்காளிகள் திருமணம் நடத்துவதில்லை; ஆகவே துணி வியாபாரம் மந்தமாகிறது. மேலும், ஏப்ரல் 14 அல்லது 15-ஆம் நாள் அங்கே வைசாகம் பிறக்கிறது, அதுவே புத்தாண்டு. அன்று வணிகர்கள் புதுக்கணக்கு எழுதுவார்கள். அதற்குள் தேங்கிய சரக்கை விற்றுக் காசாக்கிவிட வேண்டும் என்று விலையைக் குறைக்கிறார்கள். தமிழகத்தில் ஆடித் தள்ளுபடியை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அதே சைத்ர மாதத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. வங்காளக் கிராமங்களில் உழவர்களும் கூலித் தொழிலாளர்களும் ‘காஜன்’ எனப்படும் சிவ நோன்பை ஏற்கிறார்கள். காவி உடுத்தி, ஒருவேளை உண்டு, பிச்சை ஏற்று, குறித்த சில நாட்களுக்குத் துறவிகளாகவே வாழ்கிறார்கள். சைத்ர சங்கராந்தியன்று நோன்பு நிறைவு பெறுகிறது. மறுநாள் மீண்டும் மனைவி, மக்கள், ஏர், கலப்பை என்று தங்கள் வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

ஒரே மாதத்தில் ஒருபுறம் வாங்கிக் குவிக்கும் கூட்டம். மறுபுறம் விட்டுப் பழகும் கூட்டம். இவர்கள் இரு வேறு இனத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். நோன்பிருந்த உழவரும் புத்தாண்டுக்குத் தம் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கியாக வேண்டும். இல்லறத்தான் கடைவீதிக்கும் போக வேண்டும்; காவியின் கருத்தையும் மறந்துவிடக் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்வது எவ்வாறு? அதுவே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

வாங்குவது குற்றமன்று

பொருள் வாங்குவதே உலகப்பற்று, பக்தனுக்கு அது ஆகாது என்று சிலர் கருதுகிறார்கள். நமது முன்னோர் அவ்வாறு கருதவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு உறுதிப்பொருள்களில் பொருளுக்கும் ஓர் இடம் தந்தார்கள். அறத்திற்கும் வீட்டிற்கும் நடுவே அதை வைத்தார்கள். இரு கரைகளுக்கு நடுவே ஓடும்வரை ஆறு வயலுக்கு நீர் தருகிறது. கரையை உடைத்துக்கொண்டால் அதே நீர் வயலை அழிக்கிறது. பொருளும் அத்தகையது.

ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்து, சைத்ரம் வரும்வரை காத்திருந்து, தன் பிள்ளைகளுக்கு இரண்டு உடைகளும் வயதான தாய்க்கு ஒரு சேலையும் வாங்கிச் செல்கிறாளே ஓர் ஏழைப் பெண், அவள் செய்வது வீண் செலவன்று. அது ஓர் இல்லத்தரசியின் தவம். தேவையை முன்னரே அறிந்து, பணத்தை முன்னரே சேர்த்து, மலிவான காலத்திற்காகப் பொறுமையுடன் காத்திருந்தாள். தள்ளுபடி விற்பனையின் முறையான பயன் அதுவே. அந்தப் பெண்ணிடமிருந்து வசதியுள்ளவர்கள் கற்க வேண்டியது மிகுதி.

குருதேவரும் இரும்பு வாணலியும்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்க்கையில் கடைவீதியைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பின்னாளில் சுவாமி யோகானந்தர் என அறியப்பட்ட யோகின் அப்போது இளைஞர். மிகவும் சாதுவான இயல்புடையவர். அவர் ஒருநாள் இரும்பு வாணலி வாங்கச் சென்றார். கடைக்காரரின் தர்ம உணர்வை நம்பி, அவர் எடுத்துத் தந்ததைச் சோதித்துப் பாராமலேயே வாங்கி வந்துவிட்டார். வீட்டிற்கு வந்து பார்த்தால் வாணலியில் விரிசல் இருந்தது.

செய்தியறிந்த குருதேவர் யோகினைக் கடிந்துகொண்டார். பக்தனாக இருக்க வேண்டியதுதான். அதற்காக முட்டாளாகவும் இருக்க வேண்டுமா என்பது அவரது கேள்வி. கடைக்காரர் கடை திறந்திருப்பது வியாபாரத்திற்காக, தர்மம் செய்வதற்காக அன்று என்று எடுத்துரைத்தார். நாலு கடை ஏறி இறங்கிச் சரியான விலையை அறிய வேண்டும். பொருளை நன்றாகப் பரிசோதிக்க வேண்டும். எந்தப் பொருளுக்குக் கொசுறு தருவது வழக்கமோ அதற்குக் கொசுறையும் கேட்டு வாங்காமல் திரும்பக் கூடாது என்றும் அறிவுறுத்தினார்.

இவ்வாறு கூறியவர் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு கையில் மண்ணையும் மறு கையில் நாணயத்தையும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றே என்று விசாரம் செய்து, இரண்டையும் கங்கையில் எறிந்தவர் அவர். பிற்காலத்தில் நாணயம் பட்டாலே அவரது உடல் துன்புற்றது. அத்தகைய மகா தியாகி கொசுறு வரைக்கும் பேசுகிறார்! பணத்தின் மீது பற்று இல்லாமை வேறு. பணத்தைப் பற்றிய கவனமின்மை வேறு என்பதை அவர் உணர்த்துகிறார். கடைவீதியில் விழிப்பின்றி இருக்கும் மனம் தியான ஆசனத்தில் அமர்ந்தவுடன் விழிப்படைந்துவிடாது. அதே மனம்தானே இரண்டு இடங்களுக்கும் செல்கிறது?

குருதேவர் கடைக்காரரைத் திட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருத்திக்கொள்ள வேண்டியவர் யோகினே என்று அவர் கண்டார். தள்ளுபடி அறிவிப்புகளைப் பழித்துப் பயனில்லை. விற்பது விற்பவரின் தொழில். விவேகத்தோடு வாங்குவது நமது தர்மம்.

ஆசை ஏறிவரும் படிகள்

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் மனிதனின் வீழ்ச்சியைப் பகவான் படிப்படியாக விளக்குகிறார். ஒரு பொருளை மனம் மீண்டும் மீண்டும் நினைக்கிறது, நினைவிலிருந்து பற்று தோன்றுகிறது, பற்று ஆசையாகிறது, தடைப்பட்ட ஆசை சினமாகிறது, சினத்தால் மயக்கமும், மயக்கத்தால் நினைவிழப்பும், அதனால் அறிவின் அழிவும் நேர்கின்றன. முதற்படி மிகச் சிறியது. வெறுமனே நினைப்பதுதான்!

இன்றைய விற்பனை முறைகள் அனைத்தும் இந்த முதற்படியையே குறிவைக்கின்றன. முன்பு கடைவீதிக்குச் சென்றால்தான் பொருள் கண்ணில் படும். இப்போது கைப்பேசியில் ஒருமுறை பார்த்த சேலை, நாம் செய்தி படிக்கும்போதும் வருகிறது. பாட்டு கேட்கும்போதும் வருகிறது. நினைக்க மறந்தாலும் அது நினைவூட்டுகிறது. “இன்னும் இரண்டே உள்ளன”, “பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது” என்று அவசரப்படுத்துகிறது. அவசரம் புகுந்த இடத்தில் விவேகம் நிற்பதில்லை.

இது ஆன்மிகவாதிகள் மட்டும் கூறும் எச்சரிக்கையன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வாங்குவோரை மயக்கித் தவறாக வழிநடத்தும் 13 உத்திகளைப் பெயரிட்டுத் தடை செய்துள்ளது. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைப் பட்டியலில் சேர்த்துவிடுவது, வேண்டாம் என்பவரை வெட்கமுறச் செய்வது ஆகியன அவற்றுள் சில. சட்டம் விற்பவரின் கையைத்தான் தடுக்க முடியும். வாங்குபவரின் மனத்தைக் காப்பது அவரவர் பொறுப்பே.

சினம் என்னும் படியையும் நாம் இல்லங்களில் காண்கிறோம். கணவர் வேண்டாம் என்கிறார், மனைவி வருந்துகிறார். அல்லது மனைவி தடுக்கிறார், கணவர் கோபிக்கிறார். “அவன் வீட்டில் வாங்கியிருக்கிறார்களே” என்று பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போகிறான். பண்டிகைக்காக வாங்கப் போய்ப் பண்டிகையின் மகிழ்ச்சியையே தொலைத்துவிடுகிறோம். அமைதியை விலையாகக் கொடுத்து வாங்கிய பொருள் எத்தனை விழுக்காடு தள்ளுபடியில் கிடைத்தாலும் மலிவானதா?

கடைவீதியில் கடைப்பிடிக்க வேண்டிய சாதனை

விவேகம் என்பது நிலையானதையும் நிலையற்றதையும் பகுத்தறிவது. பெரிய உண்மைகளில் அதைப் பழகுமுன் சிறிய பொருள்களில் பழக வேண்டும். தள்ளுபடிக் காலம் அதற்கு நல்ல பயிற்சிக்கூடம்.

முதலாவது, சங்கற்பம். எந்த வழிபாட்டையும் சங்கற்பத்துடன் தொடங்குகிறோம். கடைக்குப் புறப்படுமுன்னும் என்ன தேவை, எவ்வளவு செலவிடலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள அலமாரியைத் திறந்து பார்த்த பிறகு எழுதுவது இன்னும் நல்லது. பட்டியலில் உள்ள பலவற்றை அலமாரியே தந்துவிடும்!

இரண்டாவது, காத்திருத்தல். பட்டியலில் இல்லாத பொருளின் மீது ஆசை எழுந்தால், அன்று வாங்காமல் ஓர் இரவு கழியட்டும். மறுநாள் பிரார்த்தனைக்குப் பின்னும் அது தேவையென்று தோன்றினால் வாங்கலாம். பெரும்பாலான ஆசைகளுக்கு ஓர் இரவைத் தாண்டும் ஆயுள் இருப்பதில்லை.

மூன்றாவது, கணக்கை நேராகப் பார்த்தல். 5,000 ரூபாய்ச் சேலை 3,000-க்குக் கிடைத்தால் 2,000 மிச்சம் என்கிறோம். அச்சேலையை எப்படியும் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை இருந்தால் அது உண்மை. இல்லையேல் மிச்சம் எதுவும் இல்லை. 3,000 ரூபாய் செலவு. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் இவ்வாறே. இரண்டாவது பொருளுக்கு வீட்டில் வேலை இல்லையென்றால், அது இலவசமாக வந்த சுமை. உறையில் அச்சிட்டுள்ள விலை அதிகபட்சச் சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்னும் எல்லை மட்டுமே. அதிலிருந்து எவ்வளவு கழித்தார்கள் என்பதைவிட, பிற கடைகளில் அதே பொருள் என்ன விலை என்பதே முக்கியம். குருதேவர் நாலு கடை ஏறி இறங்கச் சொன்னது இதற்காகவே.

நான்காவது, பரிசோதித்தல். துணியை விரித்துப் பார்க்க வேண்டும். உணவுப் பொருளில் காலாவதி நாளைப் படிக்க வேண்டும். தவறாமல் ரசீது வாங்க வேண்டும். ‘தள்ளுபடியில் விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது’ என்று பலகை தொங்கும். மனம் மாறியதற்காகத் திருப்பித் தருவது வேறு. பொருள் பழுதுள்ளதாக இருந்தால் நிலைமை அவ்வாறன்று. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ரசீது தர மறுப்பதும் அதில் அடங்கும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். தன் நியாயத்தை அமைதியாகக் கேட்டுப் பெறுவது பக்திக்கு முரணானதன்று; விரிசல் விட்ட வாணலியைத் தலைவிதி என்று சுமப்பது பக்தியும் அன்று.

நாளைய உழைப்பை இன்றே விற்றல்

தள்ளுபடியைக் காட்டிலும் பெரிய வலை கடன். கையில் பணமில்லாதவரைத் தள்ளுபடியால் மட்டும் இழுக்க முடியாது. கடன் அவரையும் இழுத்துவிடுகிறது.

8,000 ரூபாய் கையில் இல்லாத ஒருவர், 10,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு பொருளை 20 விழுக்காடு தள்ளுபடியில் கடன் அட்டையால் வாங்குகிறார் என்று கொள்வோம். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால், திருப்பிச் செலுத்தாத அந்தத் தொகை எட்டே மாதங்களில் 10,000 ரூபாயைத் தாண்டிவிடும். தாமதக் கட்டணமும் வரியும் இதில் சேரவில்லை. கிடைத்த தள்ளுபடி முழுவதையும் வட்டி தின்றுவிட்டது. ஒன்பதாம் மாதத்திலிருந்து அது அவரது உழைப்பைத் தின்னத் தொடங்குகிறது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற சொல்லும் நம்மை மயக்கிவிடக் கூடாது. வட்டியே இல்லாத கடன் என ஒன்று இல்லை, அது வேறு பெயரில் வாங்கப்படுகிறது என்று கூறி, வங்கிகள் அவ்வாறு திட்டங்கள் நடத்துவதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் தடுத்தது. இப்போது வரும் தவணைத் திட்டங்களிலும் வட்டி, கட்டணம், வரி ஆகியவை எங்கே சேர்க்கப்பட்டுள்ளன என்று படித்துப் பார்க்க வேண்டும்.

கடன் என்பது நாளைய உழைப்பை இன்றே விற்பது. நோயுற்ற தந்தைக்கு மருந்து, மகளின் படிப்பு ஆகியவற்றுக்காக அந்த விற்பனை நேரலாம். சுவரில் மாட்டும் பெரிய திரைக்காகவும், ஓராண்டில் பழையதாகிவிடும் கைப்பேசிக்காகவும் அது நேரலாமா? மாதத் தவணை நாள் நெருங்கும்போது ஜபமாலையைக் கையில் எடுத்தால், மனம் மந்திரத்தை எண்ணுமா, தவணையை எண்ணுமா? கடனாளியின் மனம் சுதந்திரமானதன்று. சுதந்திரமற்ற மனத்தால் இறைவனிடம் முழுவதுமாகச் செல்ல இயலாது.

மலிவும் தர்மமும்

குருதேவரின் உபதேசத்தைப் பிடித்துக்கொண்டு எளியவரை நெருக்குவது மற்றொரு தவறு. பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றித் தருபவர்கள், நடைபாதையில் வெயிலில் நின்று கைக்குட்டை விற்பவரிடம் ஐந்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் வாதிடுவதைக் காண்கிறோம். சரியான விலையை அறிந்து தரும்படிதான் குருதேவர் கூறினார். விற்பவரின் வயிற்றில் அடித்து வாங்கும்படி கூறவில்லை. அந்த விற்பனையாளருக்கும் புத்தாண்டு உண்டு. அவருடைய குழந்தையும் புதுச் சட்டைக்காகக் காத்திருக்கிறது. அவருக்குள்ளும் அந்த நாராயணனே இருக்கிறான்.

தள்ளுபடியில் உண்மையாகவே மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை இல்லாதவருக்கு உடையாகவோ உணவாகவோ அளிக்கும் வழக்கத்தை ஒவ்வொரு குடும்பமும் ஏற்கலாம். குழந்தையின் கையாலேயே அதைக் கொடுக்கச் செய்ய வேண்டும். வாங்கும் இன்பத்தை விளம்பரங்களே குழந்தைக்குக் கற்பித்துவிடும். கொடுக்கும் இன்பத்தைப் பெற்றோர்தாம் கற்பிக்க வேண்டும்.

அன்னையின் சிற்றறை

தட்சிணேசுவரத்துக்குச் செல்பவர்கள் நகபத் என்னும் கட்டடத்தைக் காணாமல் திரும்புவதில்லை. அதன் கீழ்த்தளத்தில் உள்ள எண்கோண வடிவச் சிற்றறையில்தான் அன்னை ஸ்ரீசாரதா தேவியார் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். அந்தச் சிறிய இடத்திற்குள் அரிசி, பருப்பு, காய்கறி, பாத்திரங்கள் யாவும் இருந்தன. சில பொருள்கள் தலைக்கு மேல் தொங்கின. பக்தைகள் வந்தால் அவர்களும் அங்கேயே தங்கினார்கள். இடம் போதவில்லை என்று யாரும் திரும்பியதில்லை.

அன்னை எதையும் வீணாக்கமாட்டார். பழம் வந்த கூடையை ஒருவர் வெளியே எறிந்தபோது, அதை எடுத்துவரச் செய்து, கழுவி வைத்தார். பின்னர் ஏதேனும் ஒன்றுக்கு உதவும் என்பது அவர் கருத்து. பெருக்கிய பின் துடைப்பத்தை அலட்சியமாக எறிந்த ஒருவருக்கு, துடைப்பத்தையும் அதற்குரிய மரியாதையுடன் வைக்க வேண்டும் என்று கற்பித்தார். ஒரு துடைப்பத்தை மதிக்கும் கைகள் தேவையின்றி இன்னொரு துடைப்பம் வாங்கா. இருப்பதை மதியாததால்தான் இல்லாததைத் தேடி ஓடுகிறோம். நம் இல்லங்கள் அன்னையின் அறையைப் போலப் பல மடங்கு பெரியவை. ஆயினும், “வைக்க இடமில்லை” என்ற சொல் நம் வீடுகளில்தான் அடிக்கடி கேட்கிறது.

புதுக்கணக்கு

வங்காளத்தில் வைசாகத்தின் முதல் நாள் காலையில் வணிகர்கள் சிவப்பு அட்டையிட்ட புதுக்கணக்குப் புத்தகங்களை ஏந்தி, காளிகாட்டிலும் தட்சிணேசுவரத்திலும் அன்னை காளியின் சந்நிதிக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். முதல் பக்கத்தில் மங்கலச் சின்னம் வரைந்து பூஜிக்கிறார்கள். ‘ஹால்கதா’ என்று இதற்குப் பெயர். அன்று வாடிக்கையாளர்கள் கடைக்குச் சென்று பழைய பாக்கியைத் தீர்ப்பார்கள். கடைக்காரர் இனிப்பும் நாட்காட்டியும் கொடுத்து உபசரிப்பார். பாக்கியைத் தீர்த்த பிறகே புதிய கணக்கு. எவ்வளவு அழகிய வழக்கம்!

அன்பர்களே, நாமும் அவ்வாறு ஒரு கணக்கை முடிக்க வேண்டியிருக்கிறது. வணிகர் தேங்கிய சரக்கைத் தள்ளுகிறார். நாம் மனத்தில் தேங்கிய ஆசைகளைத் தள்ள வேண்டும். வாங்கியும் பயன்படுத்தாதவை, பிறரைப் பார்த்து விரும்பியவை, கடன்பட்டுச் சேர்த்தவை ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, இனி இவை வேண்டாம் என்று கோடு கிழிக்க வேண்டும். பிறகு தேவையானதை நல்ல விலைக்கு, நன்றாகப் பார்த்து, கையிலுள்ள பணத்தைக் கொடுத்து, மகிழ்ச்சியோடு வாங்கி வருவோம். வந்த பொருளை இறைவனின் திருமுன் வைத்து, பிரசாதமாக ஏற்றுப் பயன்படுத்துவோம். அவன் முன் வைக்கக் கூசும் பொருள் எதுவோ, அது நமக்கு வேண்டாத பொருள்.

கடைவீதியின் நடுவிலும் விழிப்பைத் தந்து, இருப்பதில் நிறைவையும் கொடுப்பதில் ஆர்வத்தையும் எல்லா இல்லங்களுக்கும் அன்னை அருள்வாளாக!